வழியை மறித்த பொன் வலை: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சிலந்தியைப் பற்றியே கேட்கின்றன. மழை ஓய்ந்து காடு பச்சை கட்டி நிற்கிற சமயத்தில் வலைகள் கண்ணில் படுவது இயல்புதான். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, வட்ட வலை பின்னும் சிலந்திகளுக்கே இந்தப் பக்கங்களைக் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: எஸ்டேட்டில் வேலை பார்க்கிறேன். காலையில் சோலை ஓரமாகப் போனபோது மஞ்சளாக ஒரு வலை முகத்தில் அப்பிக்கொண்டது. நிமிர்ந்து பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எட்டுக்கால் பூச்சி. கறுப்பு உடம்பு, முதுகில் மஞ்சள் கோடு. விஷமுள்ளதா? அடித்துவிடலாமா? (ஒரு வாசகி, வால்பாறை)

பதில்: அடிக்க வேண்டாம் அம்மா, பயப்படவும் வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் அது நெஃபிலா பிலிபெஸ், அதாவது பெரிய பொன்வலைச் சிலந்தி. மேற்குத் தொடர்ச்சி மலை, இலங்கைக் காடுகள், அங்கிருந்து தென்கிழக்கு ஆசியா வழியாக ஆஸ்திரேலியாவின் வடக்கு வரைக்கும் இதன் குடும்பம் பரந்து கிடக்கிறது. 1793லேயே இதற்கு அறிவியல் பெயர் வைத்துவிட்டார்கள். பெண்ணின் உடம்பு மட்டும் 3 முதல் 5 சென்டிமீட்டர் இருக்கும், கால்களையும் சேர்த்தால்தான் உங்கள் உள்ளங்கைக் கணக்கு. விஷம் உண்டு, ஆனால் அது வலையில் விழுகிற பூச்சிக்கு வைத்திருக்கும் விஷம். கையில் பிடித்து அழுத்தினால் கடிக்கும், கடித்த இடம் கொஞ்சம் வலித்து வீங்கும், பெரும்பாலும் அதோடு சரி. நீங்கள் முட்டியபோதுகூட அது உங்களை நோக்கி வந்திருக்காது, மேலே கிளையைப் பார்த்து ஓடியிருக்கும்.

நடக்கிற வழியில் வந்து ஏன் கட்டுகிறது என்று நிறையப் பேர் கோபப்படுகிறார்கள். நாம் நடக்கிற அதே இடைவெளியில்தான் பூச்சிகளும் பறக்கின்றன. அடர்ந்த மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை அவற்றுக்கும் பாதைதான், அதன் குறுக்கே வலை போட்டால்தான் சிலந்திக்குச் சாப்பாடு. அப்புறம் அந்த மஞ்சள். அழுக்கோ மகரந்தமோ இல்லை, நூலிலேயே சேர்த்து நெய்த நிறம். வெயில் பட்டால் பொன்னாக மின்னும், நிழலில் இலைப் பச்சையோடு கலந்து மறைந்துபோகும். இதன் அமெரிக்க உறவுச் சிலந்தி ஒன்றை வைத்து ஆராய்ந்தவர்கள், அது இருக்கும் இடத்து வெளிச்சத்துக்குத் தக்கபடி மஞ்சளைக் கூட்டிக் குறைக்கிறது என்றும், தேனீக்கள் அந்த நிறத்தை நாடி வந்து மாட்டுகின்றன என்றும் கண்டிருக்கிறார்கள்.

தினமும் போகிற வழி என்றால் ஒரு குச்சியை முகத்துக்கு முன்னால் நிமிர்த்திப் பிடித்தபடி நடங்கள். குனிந்து போக முடியாத இடத்தில் வலை இருந்தால் நடுவில் கிழிக்காமல், ஒரு ஓரத்தில் மரத்தோடு கட்டியிருக்கிற இழைகளை மட்டும் விடுவித்து மற்றப் பக்கமாக ஒதுக்கிவிடுங்கள். சிலந்தி பிழைத்துக்கொள்ளும், உங்களுக்கும் வழி கிடைக்கும்.

கேள்வி: இரண்டு மரத்துக்கும் நடுவே எட்டடி இடைவெளி. முதல் நூலை எப்படிக் கட்டியது? கீழே இறங்கி, நடந்து, மறுபக்கம் ஏறியதா? (ஒரு வாசகர், கூடலூர்)

பதில்: இல்லை, காற்றிடம் கொடுத்தனுப்பியது. கிளை நுனியில் நின்று பின்புறத்தைத் தூக்கி மெல்லிய இழையைக் காற்றில் விடும். இழை மிதந்துபோய் எதிர்ப்பக்கம் எதிலாவது ஒட்டிக்கொள்ளும்வரை காத்திருக்கும், ஒட்டியதும் இழுத்துப் பார்த்து இறுக்கிக்கொண்டு, அதன் மேலேயே நடந்துபோய்ப் பலப்படுத்தும். ஒட்டவில்லை என்றால் மறுபடி விடும். எட்டடி என்ன, மடகாஸ்கரில் ஆண்டசிபே பக்கத்து மழைக்காட்டில் கேரோஸ்ட்ரிஸ் டார்வினி என்று ஒரு சிலந்தி இருக்கிறது, இந்த முறையிலேயே ஆற்றின் குறுக்கே 25 மீட்டர் வரை நூல் பாலம் கட்டி, தண்ணீருக்கு மேலே 2.8 சதுர மீட்டர் பரப்பு வரைக்கும் வலையைத் தொங்கவிடுகிறது. உடம்போ இரண்டு சென்டிமீட்டர் அளவுதான். 2010இல்தான் அதை உலகத்துக்கு விவரித்து எழுதினார்கள். ஆற்றுக்கு மேலே பறக்கிற பூச்சிகளுக்கு வேறெந்தச் சிலந்தியும் போட்டியில்லை, அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

பாலம் ஆனதும் மேல் வேலை. பாலத்திலிருந்து இன்னொரு இழையைத் தளர்வாக விட்டு, அதன் நடுவிலிருந்து கீழே தொங்கி இறங்கி ஒட்டவைக்கும். ஆங்கில ஒய் எழுத்து மாதிரி ஒரு வடிவம் கிடைக்கும், அந்த மூன்று கோடும் சேர்கிற இடம்தான் வலையின் மையம். அங்கிருந்து சுற்றிலும் வண்டிச்சக்கரத்து ஆரக்கால் போல இழைகளைக் கட்டும். பிறகு மையத்திலிருந்து வெளியே போகப் போகப் பசையில்லாத ஒரு சுருளை அகல அகலமாகப் போடும். இது சாரம், கட்டடத்துக்குக் கட்டுகிற சாரமேதான். வெளி விளிம்பை அடைந்ததும் திரும்பிக்கொண்டு, இந்தமுறை உள்நோக்கி நெருக்கமாகப் பசைச் சுருளைப் போட்டுக்கொண்டே வரும், வர வரச் சாரத்தைப் பிரித்துவிடும். பசையை இழையின் மேல் சீராகத்தான் பூசும், பூசிய கொஞ்ச நேரத்தில் அது தானாக மணி மணியாகத் திரண்டு நிற்கும். உருப்பெருக்கியில் பார்த்தால் முத்துக்கோவை. கால்தான் அளவுகோல், கண் இதற்கு அவ்வளவாக உதவாது, அதனால் இருட்டிலும் வேலை நடக்கும். தோட்டத்துச் சிலந்தி ஒன்று இத்தனையையும் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடும்.

நம் பொன்வலைச் சிலந்தி மட்டும் சாரத்தைப் பிரிக்காது, அப்படியே விட்டுவிடும். அதனால்தான் அதன் வலை கூடுதல் வரிகளோடு கெட்டியாகத் தெரிகிறது. இன்னொன்றும் கவனியுங்கள். வளர்ந்த பெண்ணின் வலையில் மையம் நடுவில் இருக்காது, மேல் விளிம்புக்குப் பக்கத்தில் இருக்கும், வலையின் பெரும்பகுதி அதற்குக் கீழே. இவ்வளவு கனத்த உடம்புக்கு மேலே ஏறி ஓடுவதைவிடக் கீழே இறங்கி ஓடுவது சுலபம், அதனால் கீழ்ப்பக்கம் விழுகிற இரையைத்தான் அது நம்பியிருக்கிறது. தலைகீழாக உட்கார்ந்திருப்பதும் அதற்காகவே. குஞ்சாக இருக்கும்போது அதே சிலந்தி மையம் நடுவில் உள்ள வட்ட வலைதான் பின்னும்.

தன் வலையிலேயே ஏன் ஒட்டிக்கொள்வதில்லை என்று இன்னும் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஆரக்கால்களில் பசை கிடையாது, பெரும்பாலும் அவற்றின் மேல்தான் நடக்கும். ஆனால் பின்னும்போது பசை இழையைக் காலால் தொட்டுத்தானே ஆகவேண்டும்? கோஸ்டா ரிக்காவில் பிரிசெனோ, எபர்ஹார்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை நெருக்கத்தில் படம்பிடித்துப் பார்த்து 2012இல் எழுதினார்கள். காலில் கிளைத்த மயிர்கள் இருக்கின்றன, பசை அந்த நுனிகளில் மட்டும்தான் படுகிறது. காலின் மேல் ஒட்டவிடாத ஒரு பூச்சும் இருக்கிறது. அதற்கும் மேலே, காலை வெடுக்கென்று எடுக்காமல் பசை வழிந்து இறங்கும்படி மெதுவாக விலக்கிக்கொள்கிறது.

கேள்வி: அந்தப் பெரிய சிலந்தியின் வலையில் சிவப்பாகச் சின்னதாக நாலைந்தும், வெள்ளிப் பொட்டு மாதிரி சிலவும் இருந்தன. குட்டிகளா? (ஒரு வாசகர், குற்றாலம்)

பதில்: ஒன்றுகூடக் குட்டி இல்லை. சிவப்பாக இருப்பவை மாப்பிள்ளைகள். பொன்வலைச் சிலந்தியின் ஆண் 5, 6 மில்லிமீட்டர்தான், பெண் அதைப் போலப் பல மடங்கு நீளம், எடையில் நூறு மடங்குக்கும் மேல். பெண்ணின் வலையிலேயே ஓரமாகக் குடியிருந்து நேரம் பார்த்துக்கொண்டிருக்கும். கிட்டே போவது உயிருக்கே ஆபத்து, அதனால் பெண் இரை தின்றுகொண்டிருக்கும்போது போவதுதான் வழக்கம். போனதும் அது செய்கிற காரியம்தான் என்னை அசரவைத்தது. பெண்ணின் முதுகில் ஏறி, அங்குமிங்கும் நடந்து, தன் மெல்லிய நூலை அதன் முதுகின் மேலும் கால்களின் அடியிலும் படியவிடும். அந்த நூல் பெண்ணைக் கட்டிப்போடும் அளவுக்குப் பலமானது கிடையாது. ஆனாலும் நூல் படப் படப் பெண் சாந்தமாகிவிடுகிறது. நூலின் வாசனையைவிட, ஆண் நடந்து நடந்து தொடுகிற தொடுகைதான் அதைச் சாந்தப்படுத்துகிறது என்று 2011இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது.

வெள்ளிப் பொட்டுகள் வேறு இனம், ஆர்கைரோடிஸ் என்பார்கள். பனித்துளி போல இருக்கிற திருட்டுச் சிலந்திகள். சொந்தமாக வலை போட்டு உழைக்காமல், பெரிய வலையில் விழுகிற சின்னப் பூச்சிகளை எடுத்துத் தின்னும், பெரியவள் சுற்றி வைத்த இரையிலிருந்தும் திருடும். அவளுக்கு அந்தச் சின்னப் பூச்சிகள் ஒரு பொருட்டில்லை. தொந்தரவு அதிகமானால் விரட்டுவாள்.

முட்டையை வலையில் தேடாதீர்கள். நெஃபிலா பிலிபெஸ் பெண், வலையை விட்டுத் தரைக்கு இறங்கி, மண்ணில் குழி பறித்து முட்டைப்பையை வைத்து, மண்ணும் சருகும் போட்டு மூடிவிட்டுத் திரும்பும். இத்தனை உயரத்தில் வாழ்ந்த உயிர், அதற்காக ஒரு தடவை கீழே வருகிறது.

கேள்வி: இரவு டார்ச் அடித்தபோது கொய்யா மரத்தில் அழகான வலை இருந்தது, விடிந்து பார்த்தால் இல்லை. யார் கலைத்தது? (ஒரு வாசகி, ஏற்காடு)

பதில்: கட்டிய சிலந்தியே தின்றுவிட்டது. இரவில் வேட்டையாடும் பல சிலந்திகள் விடியும் முன் வலையைச் சுருட்டி விழுங்கிவிடும், நூல் முழுக்கப் புரதம்தானே. பீக்கால் என்ற ஆய்வாளர் நூலில் கதிரியக்க அடையாளம் வைத்துப் பார்த்து 1971இல் வெளியிட்டார். தின்ற புரதத்தில் பெரும்பங்கு அடுத்து நெய்த வலையிலேயே திரும்பி வந்திருந்தது.

கேள்வி: சிலந்தி நூல் எஃகைவிட ஐந்து மடங்கு பலம் என்கிறார்கள். நம்பலாமா? நான் விரலால் தள்ளினாலே அறுகிறதே. (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: அந்த வாக்கியத்தில் ஒரு சொல் விட்டுப்போய்விடுகிறது. எடைக்கு எடை என்று சேர்த்துச் சொன்னால் சரி. ஒரே தடிமனுள்ள எஃகுக் கம்பியையும் சிலந்தி நூலையும் இழுத்துப் பார்த்தால் நல்ல எஃகு குறைந்துபோகாது. ஆனால் எஃகு அதே பருமனுக்கு ஏறக்குறைய ஆறு மடங்கு கனம். உங்கள் விரலில் அறுந்த இழை தலைமுடியைவிடப் பல மடங்கு மெலிந்தது என்பதையும் மறக்கவேண்டாம்.

என்னைக் கேட்டால் இழுவிசைக் கணக்கைவிட முக்கியமானது, அறுவதற்கு முன்னால் எவ்வளவு ஆற்றலை வாங்கிக்கொள்கிறது என்பது. பறந்து வருகிற வண்டு வலையில் மோதும்போது நூல் அறவும் கூடாது, ரப்பர் மாதிரி வண்டைத் திருப்பி எறியவும் கூடாது. நீண்டு கொடுத்து, வேகத்தை விழுங்கி, வண்டை அங்கேயே நிறுத்தவேண்டும். இந்தத் தாங்குதிறனில் எஃகு பக்கத்திலேயே வராது. முன்னே சொன்ன மடகாஸ்கர் ஆற்றுச் சிலந்தியின் நூல் கன மீட்டருக்குச் சராசரி 350 மெகாஜூல், சிறந்த இழையில் 520 வரை வாங்கியது. குண்டு துளைக்காத உடுப்புக்குப் பயன்படும் கெவ்லாரைப்போல் பத்து மடங்கு. அந்தச் சிலந்தி 25 மீட்டர் நீளத்துக்கு நூல் பாலம் கட்டுகிறது என்று படித்த பிறகுதான் இந்த எண் எனக்குப் புரிந்தது. அவ்வளவு நீளப் பாலத்துக்கு அப்படிப்பட்ட நூல் இல்லாமல் முடியாது.

கேள்வி: நாங்கள் தலைமுறையாகத் தறி போடுகிறவர்கள். பட்டுப்புழு நூலில் நெய்கிறோம், சிலந்தி நூலில் புடவை நெய்ய முடியுமா? (ஒரு வாசகர், காஞ்சிபுரம்)

பதில்: நெய்ய முடியும், நெய்தும் இருக்கிறார்கள், ஆனால் கணக்கைக் கேளுங்கள். மடகாஸ்கரில் சைமன் பியர்ஸ், நிக்கோலஸ் காட்லி என்ற இருவர், அங்கிருக்கும் பொன்வலைச் சிலந்தியின் நூலிலேயே சுமார் பதினோரு அடி நீளம், நாலடி அகலத்தில் ஒரு துணி நெய்வித்தார்கள். நம் காட்டுச் சிலந்திக்கு அது நெருங்கின சொந்தம். தினமும் காலையில் ஆட்கள் நீளக் கழிகளோடு போய்க் கம்பங்களிலும் கம்பிகளிலும் இருக்கும் பெண் சிலந்திகளைப் பிடித்து வருவார்கள். கையால் சுற்றும் ஒரு பொறியில் ஒரே சமயத்தில் 24 சிலந்திகளை வலிக்காமல் பிடித்து நிறுத்தி நூலை இழுப்பார்கள், பிறகு காட்டிலேயே விட்டுவிடுவார்கள். 24 இழை சேர்ந்தது ஒரு புரி, அதை மேலும் நான்காக முறுக்கி 96 இழையில் ஒரு நூல். நாலு வருட வேலை, பத்து லட்சத்துக்கு மேல் சிலந்திகள். 2009இல் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். அடுத்து 12 லட்சம் சிலந்திகளின் நூலில் ஒரு மேலங்கி நெய்து 2012இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் காட்டினார்கள். சாயம் தொடவில்லை, ஜரிகையும் கிடையாது, அவ்வளவும் பிறவிப் பொன் நிறம்.

ஏறத்தாழ 14,000 சிலந்திக்கு 28 கிராம் நூல் கிடைத்ததாம். உங்கள் புடவை 700 கிராம் என்று வைத்துக்கொண்டால் மூன்றரை லட்சம் சிலந்தி வேண்டும். பண்ணை வைத்து வளர்க்கலாமே என்று தோன்றும். பட்டுப்புழு தட்டில் நெருக்கமாகக் கிடந்து இலை தின்னும், சிலந்திகளை அப்படிப் போட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும். உயிரோடு இரையும் பிடித்துப் போடவேண்டும். ஆனால் ஒன்று, பட்டுக்குப் புழுவைக் கூட்டோடு கொதிநீரில் போடுகிறோம், இதில் நூலைக் கொடுத்த சிலந்தி உயிரோடு காட்டுக்குத் திரும்பிப் போனது. அந்த வேறுபாட்டை நினைக்கும்போது இத்தனை சிரமப்பட்டதும் தகும் என்றே எனக்குப் படுகிறது.

கேள்வி: திருவானைக்காவில் வெண்ணாவல் மரத்தடியில் சுவாமி மேல் சருகு விழாமல் சிலந்தி பந்தல் போட்டது, அதுவே கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னேன். வலை நெட்டுக்குத்தாக அல்லவா நிற்கும், பந்தல் எப்படி என்று மடக்கிவிட்டான் பேரன். (ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்)

பதில்: பேரனைக் கூட்டிக்கொண்டு கள்ளி வேலியோ கற்றாழைப் புதரோ இருக்கும் இடத்துக்குப் போங்கள் அம்மா. சிர்ட்டோஃபோரா என்ற கூடாரச் சிலந்தி அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். அதுவும் வட்ட வலைக் குடும்பம்தான், ஆனால் வலையைப் படுக்கையாக விரித்து, நடுவில் தூக்கிக் கட்டி, சல்லாத் துணி போல அவ்வளவு நெருக்கமாக நெய்யும். அசல் பந்தல். பசை கிடையாது. மேலே குறுக்கும் நெடுக்குமாக இழைகள் இருக்கும், பறந்து வரும் பூச்சி அவற்றில் தடுக்கிப் பந்தலின் மேல் விழும், சிலந்தி கீழிருந்து பிடிக்கும். தினமும் பிரித்துக் கட்டுவதில்லை, நாள்கணக்கில் நிற்கும். சருகும் அந்த மேல் இழைகளில் சிக்கித் தொங்குவதை நானே பல தடவை பார்த்திருக்கிறேன். அந்தக் கதையை முதலில் சொன்னவர் இதைக் கண்ணால் பார்த்துத்தான் சொல்லியிருப்பார் என்பது என் நம்பிக்கை.

கேள்வி: எங்கள் தோட்டத்துச் சிலந்தி வலை நடுவில் பெருக்கல் குறி போல வெள்ளையாக எழுதியிருக்கிறது. எதற்கு? (ஒரு வாசகர், தென்காசி)

பதில்: அது ஆர்கியோபி, கையெழுத்துச் சிலந்தி. பூச்சியைக் கவர என்கிறார்கள் சிலர், ஏனென்றால் அந்த வெள்ளை நூல் புற ஊதா ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, பூச்சிகளின் கண்ணுக்கு அது தெரியும். பறவை மோதி வலை கிழியாமலிருக்க வைத்த அடையாளம் என்றும், சிலந்தி தன் உருவத்தை மறைக்க என்றும் வேறு கட்சிகள். பல வருடமாக வழக்கு நடக்கிறது, தீர்ப்பு வரவில்லை. இனத்துக்கு இனம் காரணம் மாறலாம் என்பது என் எண்ணம்.

கேள்வி: எட்டாம் வகுப்புப் படிக்கிறேன். சிலந்தியைத் துன்புறுத்தாமல் பள்ளியில் ஏதாவது சோதனை செய்யமுடியுமா? (ஒரு மாணவன், கொடைக்கானல்)

பதில்: செய்யலாம் தம்பி, உங்கள் ஆய்வகத்தில் இசைக்கவை இருக்கும் இல்லையா, அது போதும். 1880இல் பாய்ஸ் என்ற இயற்பியல் அறிஞர் செய்து பார்த்த சோதனை இது. வலையின் மையத்தில் சிலந்தி உட்கார்ந்திருக்கும்போது, இசைக்கவையைத் தட்டி அதிரவிட்டு, வலையின் ஓரத்தையோ, வலை கட்டியிருக்கிற குச்சியையோ மெல்லத் தொடு. ஈ ஒன்று சிறகடிப்பதாக நினைத்துச் சிலந்தி திரும்பும். எந்த ஆரக்கால் இழையில் அதிர்வு வருகிறது என்று கால்களாலேயே தெரிந்துகொண்டு நேராக அந்தப் பக்கம் ஓடிவரும். அதிராத இசைக்கவையால் அதே இடத்தைத் தொட்டுப் பார், என்ன செய்கிறது என்று குறித்துக்கொள். வலை கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை என்றால் பின்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடிக்கச் சொல், அல்லது பனி படிந்திருக்கும்போதே காலையில் போ.

ஒரு சிலந்தியிடம் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவைக்கு மேல் வேண்டாம், ஒவ்வொரு தடவையும் அது பசியோடுதான் ஓடிவருகிறது. எத்தனை நொடியில் வந்தது, மேல்பக்கம் தொட்டபோது வேகமா கீழ்ப்பக்கம் தொட்டபோது வேகமா என்று எழுதி அனுப்பு, அடுத்த இதழில் போடலாம்.